இருட்டு கேட்பவர்

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது, பால்கனி விளக்கை அணைக்கச் சொல்லித்தான்.

சித்தூரில் அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கணவருக்குத் தடா பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தனியாக இருக்கிறோமே என்று ராத்திரி முழுக்கப் பால்கனி விளக்கை எரியவிட்டிருந்தேன். கதவைத் திறந்தால் ஐம்பதைத் தொடும் வயதில் ஒரு பெண்மணி நின்றார். கறுப்புச் சுடிதார், நெற்றியில் சிவப்பாக எரியும் ஒரு சின்ன விளக்கு. ஒரு கணம் பயந்துவிட்டேன்.

"நான் மேல் வீடு. உங்க லைட்டு என் குழாய்க்குள்ள வந்து விழுது. கொஞ்சம் அணைக்கிறீங்களா?" என்றார்.

குழாய் என்றதும் தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. இருட்டான பால்கனியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

மறுநாள் காவலாளிதான் சொன்னார், அவர் குழந்தைகள் டாக்டர் என்று. புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சித்தூரில் வெகுகாலமாகக் கிளினிக் வைத்திருந்தார். பங்காருபாளையம் தொடங்கி பாலசமுத்திரம் வரைக்கும் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படம் எடுப்பார். தனியாகத்தான் இருந்தார். ஏன் என்று நான் கடைசிவரை கேட்டதில்லை.

நான் மாடிக்குப் போகத் தொடங்கியது தூக்கம் வராத ஒரு ராத்திரியில். முழ நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தொலைநோக்கிக் குழாய், அதன் பின்னால் கேமரா, இரண்டையும் தாங்கும் முக்காலி. முக்காலியின் தலையில் ஒரு மோட்டார் இருந்தது. பூமி சுற்றச் சுற்ற வானம் நகருமே, அதோடு சேர்ந்து குழாயையும் நகர்த்திக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கண்ணுக்கே தெரியாத ஒரு மேகம் மெல்ல மேலெழுந்து வரும் என்று விளக்கினார். பேசும்போதெல்லாம் குரலை இறக்கித்தான் பேசுவார், தூங்கும் பிள்ளை பக்கத்தில் இருப்பதுபோல.

நான் செல்போனை எடுத்தால் போதும், என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். "கண்ணு பழகட்டும்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. பழகப் பழக மாடியின் கைப்பிடிச் சுவர் தெரியும், தண்ணீர்த் தொட்டி தெரியும், பிறகு அவர் முகம் தெரியும். அவர் நெற்றியில் இருந்த சிவப்பு விளக்கு மட்டும் அந்தப் பழக்கத்தைக் கெடுக்காது. ஆனால் நகரத்தின் வானத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. அதனால் அவருக்கு எப்போதும் இருட்டு தேவைப்பட்டது. அதை அவர் கேட்டு வாங்குவார்.

எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் விளக்கை ஒன்பது மணிக்கே அணைக்க வைத்தார். தெருமுனை மளிகைக்கடையின் பெயர்ப்பலகை விளக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களில் எரியாது. ஒருவரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. "டாக்டரம்மா கேட்டாங்க" என்று அணைத்துவிடுவார்கள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளையாவது அவர் கைபட்டுப் பிழைத்ததாக இருக்கும். அவர் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்கு நெடுநாள் புரியாத விஷயம்.

என்னிடம் கார் இருந்ததால் நானே அவருக்குத் துணை ஆனேன். நகரத்தைத் தாண்டி ஓர் ஏரிக்கரைக்கு ஒருமுறை போனோம். பக்கத்தில் இடிந்த கல்மண்டபம் ஒன்று இருந்தது. அவர் முக்காலியை நிறுத்தி, வடக்கே துருவ நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நம் ஊரில் அது அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத்தான் நிற்கும். வடக்கே ஒரு குன்றோ தோப்போ மறைத்தாலும் போயிற்று, குழாயைச் சரியாகத் திருப்பிவைக்க முடியாது. அந்த நேரத்தில் நான்கைந்து பைக்குகளில் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து எங்களைச் சூழ்ந்து நின்றார்கள்.

அந்தப் பக்கத்தில் பழைய மண்டபங்களின் அடியில் புதையல் தோண்டுகிறவர்கள் வருவதுண்டு. அமாவாசை ராத்திரி, கறுப்பு உடை, சிவப்பு விளக்கு, நீளமான பைகள். எங்களைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? தெலுங்கில் அதட்டினார்கள். பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒருவன் குழாயின் மேல் கைவைத்தான். என் கணவரை அழைக்கலாமா, போலீசை அழைக்கலாமா என்று செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அவர் பைகளைத் திறக்கவும் இல்லை, நாங்கள் யார் என்று சொல்லவும் இல்லை. "முதலில் அந்த ஹெட்லைட்டை அணையுங்கள்" என்றார், தெலுங்கில், சாதாரணமாக. கூட்டத்தில் ஒருவன் கிட்டே வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். அவனுடைய மகளுக்கு வலிப்பு வந்தபோது விடியவிடிய உட்கார்ந்து பார்த்தது இவர்தான். அவன் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பைக்காக விளக்கு அணைந்தது. விடியும்வரை இரண்டு பேர் எங்களுக்குக் காவல் இருந்தார்கள்.

திரும்பி வரும்போது, பயமாக இல்லையா என்று கேட்டேன். எதற்குப் பயம் என்றார். "எல்லாரும் நல்லவங்கதான். சொன்னா கேக்கறாங்க." அவர்கள் கேட்டது அவர் சொல்லுக்காக இல்லை, அந்தப் பெண்குழந்தைக்காக என்று சொல்லத் திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஏரிக்கரை வேண்டாம் என்று, எங்கள் தொழிற்சாலைக்கு மாங்காய் போடும் சுப்பிரமணியின் தோட்டத்துக்கு நானே அழைத்துப் போனேன். பங்காருபாளையத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தோட்டம். நடுவில் யானை படுத்ததுபோல ஒரு பாறை. ஏறி நின்றால் வடக்கும் தெரியும், தெற்கும் தெரியும். சுப்பிரமணிக்கு அவரைப் பார்த்ததும் கைகால் ஓடவில்லை. அவருடைய பேரன் குறைமாதத்தில் பிறந்து, இந்த டாக்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவன். தோட்டத்தையே எழுதித் தரச் சொன்னாலும் கொடுத்திருப்பார்.

டாக்டர் அவரிடம் கேட்டதோ இருட்டைத்தான்.

அந்தத் தோட்டத்தில் இருட்டு என்பது சின்னக் காரியம் இல்லை. பலமநேர்க் காட்டுப் பக்கத்திலிருந்து யானைகள் இறங்கிவரும் பாதை அது. முந்தைய கோடையில் ஒரே ராத்திரியில் நாற்பது மரத்துக் கிளைகளை முறித்துப் போட்டுவிட்டன. அதற்குப் பிறகுதான் சுப்பிரமணி நான்கு மூலையிலும் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் போட்டார். வெளிச்சம் இருந்தால் யானை தயங்கும், நாமும் தூரத்திலேயே பார்த்துவிடலாம். காவலுக்கு ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் மேற்கு மூலையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். பட்டாசுப் பெட்டி ஒன்று எப்போதும் கைவாக்கில் இருக்கும்.

மழைக்காலம் கழிந்து பனிக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. காட்டில் தண்ணீர் இருந்தது, தோட்டத்தில் காய் இல்லை. அமாவாசையை ஒட்டி நாங்கள் போவோம், சுப்பிரமணி விளக்குகளை அணைத்துவிட்டுப் போவார், கன்னியம்மா சொம்பில் டீ கொண்டுவந்து பாறையடியில் வைப்பார். மேலே ஏறிவந்து பார்க்கச் சொல்லி டாக்டர் கூப்பிட்டால், வேலை கிடக்கிறது என்று போய்விடுவார்.

வெயில் காலம் வந்தது. கேட்டை நட்சத்திரம் ராத்திரியில் மேலேறும் மாதம். அதை ஒட்டி விண்வெளித் தூசியாலான ஒரு மேகக்கூட்டம் இருக்கிறது. அதைத்தான் அவர் மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு வருடம் மழை கெடுத்தது, ஒரு வருடம் ஊர் வெளிச்சம் கெடுத்தது. இந்த வருடம் பாதிக்குமேல் சேர்த்துவிட்டார். இன்னும் ஒரு ராத்திரி சரியாகக் கிடைத்தால் முடிந்துவிடும் என்றார். கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வானத்தில் மழைமேகம் கூடுகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாராம். நர்ஸ் சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுப்பிரமணி போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, இன்னிக்கி வேணாம்னு பாக்கறேன். ஆனைங்க எறங்கிக்கினு கீதாம். மொகிலி பக்கம் பாத்தாங்களாம்."

"மொகிலி தூரமாச்சே."

"தூரந்தான். காய் வேற முத்திப்போய் கீது, வாசம் இஸ்துக்கினு வந்துடும்."

"ரெண்டு மணி நேரம் போதும் சுப்பிரமணி. அதுக்கப்புறம் நானே வந்து லைட்டப் போட்டுடறேன்."

கார் ஒரு பாலத்தைத் தாண்டும்வரை போனில் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிங்க" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் கார்க் கண்ணாடி வழியாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேகம்கூட இல்லை.

பத்து மணிக்கு விளக்குகள் அணைந்தன. கண் பழகியதும் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. மாமரங்களின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பாறைமேலிருந்து பார்த்தால் அந்த வெள்ளைப் பட்டைகள் வரிசைவரிசையாகத் தெரியும். கேமரா ஒரு படத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது மெல்லிய ஒரு சொடக்கு. வேறு சத்தமே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. குடிசைப் பக்கத்தில் எப்போதும் குரைக்கும் நாய் அன்று குரைக்கவில்லை.

பாறைக்குக் கீழே, கிழக்கு வரிசையில், ஒரு வெள்ளைப் பட்டை மறைந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பட்டையும் மறைந்தது. முதலில் மறைந்தது திரும்பத் தெரிந்தது. ஏதோ ஒன்று மரங்களுக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தது, ஓர் இலை நசுங்கும் சத்தம்கூட இல்லாமல். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அவரும் பார்த்துவிட்டிருந்தார். ஒன்றில்லை, மூன்று. நடுவில் ஒரு குட்டி.

அவை எங்களைக் கண்டுகொள்ளவில்லை. மேற்கே போய்க்கொண்டிருந்தன. மேற்கில்தான் குடிசை.

வாயைத் திறக்காமல் இருந்தால் எங்களுக்கு ஆபத்தில்லை. அவர் எழுந்து நின்றார். எப்போதும் கிசுகிசுப்பாகவே பேசிக் கேட்ட குரல், தோட்டம் முழுக்க எதிரொலிக்கும்படி கத்தியது. "ஏழுமலை! ஆனை! வெளியில வராத! ஆனை!"

பெரியது நின்றது. எங்கள் பக்கம் திரும்பி ஒரு பிளிறல். ஏழுமலையின் காதில் ஆனை என்ற சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. லைட் போட வேண்டும் என்று, சுவிட்ச் இருக்கும் மோட்டார் ரூமைப் பார்த்து ஓடியிருக்கிறார். சொட்டுநீர்க் குழாய் பதிக்க அந்த வாரம்தான் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் விழுந்த சத்தமும் அலறலும் கேட்டது. யானைகளுக்கும் அவருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மரங்கள் இருந்தால் அதிகம்.

விளக்குகள் எரிந்தன. கன்னியம்மா வேறு பக்கமாக ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் போட்டிருந்தார். வெள்ளை வெளிச்சத்தில் யானைகள் ஒரு நிமிடம் அப்படியே நின்றன. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டது. நான் பாறையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் டாக்டர் பக்கத்தில் இல்லை. யானைகள் இன்னும் தோட்டத்தை விட்டு வெளியேறவே இல்லை, அதற்குள் அவர் இறங்கிப் பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

ஊரார் பட்டாசு வெடித்துக்கொண்டு வந்தார்கள். யானைகள் கிழக்கு வேலியைச் சாய்த்துக்கொண்டு போயின. நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலையின் கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக மடங்கியிருந்தது, எலும்பு வெளியே தெரிந்தது. டாக்டர் தன் துப்பட்டாவைக் கிழித்து, பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கன்னியம்மா கணவனின் தலையை மடியில் வைத்திருந்தார். அழவில்லை. டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பாறையில், ஆள் இல்லாமலே கேமரா படம் எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஊர் கூடியது. ஏழுமலையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது சுப்பிரமணி பேசிக்கொண்டிருந்தார். கரெண்ட் போய்விட்டது, அதனால்தான் இருட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் மின்வாரிய லைன்மேனைச் சுற்றி நின்றார்கள். அவர் நேற்று ராத்திரி கரெண்ட் போகவே இல்லை என்று மறுபடி மறுபடி தெலுங்கில் சொன்னார். யாரும் கேட்கிற மாதிரி இல்லை. ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

டாக்டர் காரிலிருந்து இறங்கினார். சுடிதாரில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. கூட்டம் வழிவிட்டது. கரெண்ட் போகவில்லை, விளக்கை அணைக்கச் சொன்னது நான்தான் என்று முதலில் தெலுங்கில் சொன்னார். யாரும் நம்பவில்லை. அவர் யாரையோ காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். அப்போது சுப்பிரமணியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"யானை வருதுன்னு நீங்க சொன்னீங்க. நான் கேட்டா உங்களால இல்லன்னு சொல்ல முடியாது. அது தெரிஞ்சேதான் கேட்டேன்."

எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது அந்த இடத்தில் புரிந்தது. அவருக்குத் தெரியும். எப்போதுமே தெரிந்திருக்கிறது.

லைன்மேனை விட்டுவிட்டார்கள். டாக்டரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சுப்பிரமணி மட்டும் கார் வரைக்கும் வந்தார். "நான் உங்களக் காப்பாத்தப் பாத்தேன் டாக்டரம்மா. நீங்க என்னை ஊரு முன்னால பொய்க்காரனாக்கிட்டீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பாறைமேல் கிடந்த குழாயையும் முக்காலியையும் நான்தான் போய் எடுத்துவந்தேன்.

அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் பிறகு போகவில்லை. அடுத்த வருடம் அவர் சித்தூர் கிளினிக்கை மூடிவிட்டுத் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். மலைப்பாதை முழுக்க விடியவிடிய விளக்கெரியும் ஊர். அங்கே மொட்டைமாடியிலிருந்து, தெருவிளக்கின் வெளிச்சத்தை வடிகட்டும் ஒரு கண்ணாடியைப் போட்டுப் படம் எடுப்பதாக ஒருமுறை போனில் சொன்னார். நானும் வேலை மாறி வேலூர்ப் பக்கம் வந்துவிட்டேன். பேச்சு மெல்லக் குறைந்துபோயிற்று. ஏழுமலைக்குக் கால் கூடிவிட்டது, லேசாக இழுத்துத்தான் நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பாறையும் யானையும் முதலில் வருவதில்லை. ஆஸ்பத்திரிதான் வருகிறது.

கிளினிக் முடிந்ததும் தினமும் அவர் ஏழுமலையைப் பார்க்கப் போவார். செலவு முழுக்க அவர் பார்த்துக்கொண்டார், சாப்பாடும் கொண்டுபோனார். கன்னியம்மா பாத்திரத்தை வாங்கி வைப்பார், பேசமாட்டார். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அட்டையைப் பார்ப்பார், நர்ஸிடம் இரண்டு வார்த்தை கேட்பார், இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார், கிளம்பிவிடுவார். நானும் பல நாள் கூடப் போயிருக்கிறேன். எத்தனை வீடுகளில் அவரைக் கண்டதும் நாற்காலி துடைத்துப் போட்டிருப்பார்கள். அங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை.

ஒருநாள் ஏழுமலையே கேட்டார். "அன்னிக்கி இன்னாதான் எடுத்துக்கினு இருந்தீங்க டாக்டரம்மா?"

அவர் தயங்கினார். பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். படம் முடியவில்லை, பாதிதான் என்று முன்கூட்டியே சொன்னார். திரையில் மஞ்சளும் நீலமும் சிவப்பும் புகைபோலக் கலந்து கிடந்தன. நடுவே கறுப்பாகத் தூசி, வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. ஏழுமலை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம தோட்டம் எங்க கீது இதுல?"

"தோட்டம் இல்ல. தோட்டத்துக்கு மேல இருக்குது."

"தெனமும் கீதா?"

"தெனமும் இருக்குது. கண்ணுக்குத் தெரியாது."

கன்னியம்மா எழுந்து வந்து கணவனின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கினார். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வார்டில் யாரோ இருமினார்கள். மருந்து வண்டி சக்கரம் கிறீச்சிட்டுப் போயிற்று.

"இதுக்குத்தானா?" என்றார்.

டாக்டர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார், மன்னிப்புக் கேட்பார், அல்லது இந்தத் தூசியிலிருந்து நட்சத்திரம் பிறக்கும் என்று எனக்குச் சொன்னதைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஆமா கன்னியம்மா. இதுக்குத்தான்."

கன்னியம்மா டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அழகாத்தான் கீது" என்றார். பிறகு, அந்த ஊரில் யாரும் டாக்டரிடம் பேசாத ஒருமையில், "இனிமே யாரையும் கேக்காத" என்றார்.

"கேக்கமாட்டேன்."

கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதைக் காலாலேயே இழுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கத் தொடங்கினார்.